ஷூஜி தெராயாமா: கேள்வி பதில்

ஜப்பானிய நாடக, திரைப்பட இயக்குநர் ஷூஜி தெராயாமாவைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். நினைத்ததைவிட நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. இவர் படங்களை இருபது வருடமாகப் பார்த்து வருகிறேன். நாடகங்களை மேடையில் பார்க்கும் வயதும் ஊரும் எனக்கு வாய்க்கவில்லை. அவற்றைப் புகைப்படங்கள், பதிவுகள், கூட வேலை செய்தவர்களின் எழுத்து வழியாகத்தான் தெரியும். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: பெயரே இப்போதுதான் கேள்விப்படுகிறேன் சார். யார் இவர்? அடிப்படையிலிருந்து சொல்லுங்கள்.

ஜப்பானின் பெரிய தீவான ஹோன்ஷூவின் வடகோடியில் அவோமோரி என்று ஒரு மாகாணம் இருக்கிறது. பனி, ஆப்பிள் தோட்டங்கள், ஏழ்மை. அங்கே ஹிரோசாகி நகரில் 1935 டிசம்பர் 10 அன்று பிறந்தவர் தெராயாமா. பதிவேட்டில் 1936 ஜனவரி 10 என்று இருக்கும். 1983 மே 4 அன்று டோக்கியோவில் கல்லீரல் நோயால் இறந்தார். அப்போது வயது 47.

அந்த 47 வருடத்துக்குள் ஹைக்கூ, தாங்கா, வானொலி நாடகம், மேடை நாடகம், தெரு நாடகம், குறும்படம், முழுநீளப் படம், சினிமாப் பாட்டு, குத்துச்சண்டைக் கட்டுரை, குதிரைப் பந்தயக் கட்டுரை என்று கை வைக்காத இடமே இல்லை. தொழில் என்ன என்று கேட்டால் "என் தொழில் தெராயாமா ஷூஜி" என்று பதில் சொல்வார். வேறெந்தப் பதிலும் அவருக்குப் பொருந்தியிருக்காது.

சர்ச்சை 18 வயதில் கவிதையோடு தொடங்கி, சாகும்வரை விடவில்லை.

கேள்வி: அண்ணா, சின்ன வயதில் தியேட்டரிலேயே வளர்ந்தார் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா, அவரே கட்டிவிட்ட கதையா?

அது உண்மை தம்பி. ஆனால் உன் சந்தேகமும் நியாயமானது. தன் வாழ்க்கையைப் பற்றி இவர் அவ்வளவு கதை கட்டியிருக்கிறார். ஓடுகிற ரயிலில் பிறந்தேன், அதனால் எனக்கு ஊர் என்று ஒன்று இல்லை என்று எழுதினார். அது கதை.

நடந்தது இது. அப்பா போலீஸ்காரர். போருக்குப் போனவர் செலெபஸ் தீவில், இப்போதைய சுலவேசியில், 1945 செப்டம்பரில் நோயில் இறந்தார். போர் முடிந்தது ஆகஸ்டில். அதற்கு முந்தைய ஜூலை 28 அன்று அவோமோரி நகரத்தின் மேல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு ஊரையே எரித்தன. அந்தத் தீயிலிருந்து தப்பிய தாயும் பிள்ளையும் மிசாவா என்ற ஊருக்குப் போனார்கள். அங்கே அமெரிக்கப் படைத்தளம் வந்தது. அம்மா ஹாட்சு அந்தத் தளத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். ஊரை எரித்தவர்களின் தளத்தில் சம்பளம் வாங்கித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அப்புறம் அம்மா வேலை தேடி நாட்டின் தெற்கே உள்ள கியூஷூ தீவுக்கே போய்விட்டார். பையனை அவோமோரியில் உறவினர் ஒருவர் வீட்டில் விட்டுப் போனார். அந்த உறவினர் நடத்தியது சினிமாக் கொட்டகை. திரைக்குப் பின்னால் இருந்த அறைதான் பையனுக்கு. முன்னால் ஊர் சனம் உட்கார்ந்து சிரிக்கும், அழும். இவன் பின்னால் இருப்பான். பிற்காலத்தில் இவர் செய்தது எல்லாவற்றுக்கும் இந்த அறை போதும் என்று எனக்குத் தோன்றும். பார்வையாளர் உட்காரும் பக்கத்தில் உட்காராமலே சினிமாவைத் தெரிந்துகொண்ட பிள்ளை அது.

கேள்வி: கவிதை திருடினார் என்ற குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் சரி? நான் ஹைக்கூ எழுதுகிறவன். எனக்கு இது முக்கியம்.

உங்களுக்கு விரிவாகவே சொல்கிறேன்.

1954இல் இவர் டோக்கியோவில் வசேதா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதே ஆண்டு தாங்காவுக்கான முக்கியமான இதழ் ஒன்று நடத்திய புதுமுகக் கவிஞர் போட்டியில் பரிசும் வாங்கினார். தாங்கா என்பது 31 அசை. 5, 7, 5 என்ற மூன்று வரிக்குப் பின் 7, 7 என்று இன்னும் இரண்டு வரி வரும். முதல் மூன்றை மட்டும் நிறுத்திக்கொண்டால் ஹைக்கூவின் அளவு.

பரிசு கிடைத்த கையோடு குற்றச்சாட்டும் வந்தது. மூத்த ஹைக்கூ கவிஞர்களின் வரிகளை எடுத்து நீட்டித் தாங்கா ஆக்கியிருக்கிறான் என்றார்கள். தன் பழைய ஹைக்கூக்களையே நீட்டியிருந்ததையும் கண்டுபிடித்தார்கள். பரிசுக்குத் தேர்ந்தெடுத்த ஆசிரியர் நகாய் ஹிதேயோ கடைசிவரை இவர் பக்கம் நின்றார்.

இவர் எழுதியவற்றிலேயே புகழ்பெற்ற தாங்கா ஒன்று இருக்கிறது. தீக்குச்சி உரசுகிற கணத்தில் கடலில் அடர்ந்த மூடுபனி தெரிகிறது, உடலைத் தூக்கிக் கொடுக்கும் அளவுக்கு எனக்கு ஒரு தாய்நாடு இருக்கிறதா என்று கேட்கும் கவிதை. அதற்கு முன்பே தொமிசாவா காகியோ என்ற கவிஞர் ஒரு ஹைக்கூ எழுதியிருந்தார். ஒரு தீக்குச்சியை உரசினால் ஏரி முழுக்கப் பனி, அவ்வளவுதான். ஏரியைக் கடலாக்கியதைத் தவிர முதல் பாதியில் தெராயாமா புதிதாகச் செய்தது குறைவு.

என் பதில் இரண்டும்தான். எடுத்தார், கேட்காமல் எடுத்தார், எடுத்ததைச் சொல்லவும் இல்லை. அதே சமயம் கடைசி 14 அசையை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. அப்பாவைப் போருக்குக் கொடுத்த பையன் கேட்கிற கேள்வி அது. ஏரியில் வெறும் காட்சியாக இருந்த பனி, கடலுக்கு வந்ததும் அப்பா திரும்பி வராத திசை ஆகிவிடுகிறது. காகியோவின் கவிதை அழகு. தெராயாமாவின் கவிதை வலி. நீங்கள் ஹைக்கூ எழுதுகிறவர், இந்த வேறுபாடு உங்களுக்கு இன்னும் நன்றாகவே தெரியும். பெயரைச் சொல்லிவிட்டு எடுத்திருந்தால் அந்த வலி ஒரு துளியும் குறைந்திருக்காது என்பதுதான் என் வருத்தம்.

கேட்காமல் எடுப்பது என்ற இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வேறு கேள்விகளிலும் அது வரும்.

கேள்வி: கவிஞர் நாடகத்துக்கு எப்படி வந்தார்?

ஆஸ்பத்திரி வழியாக. பரிசு வாங்கிய கொஞ்ச நாளில் சிறுநீரக நோய் வந்து, 1955 முதல் 1958 வரை பெரும்பாலும் படுக்கைதான். படிப்பு போயிற்று. வெளியே வந்ததும் பிழைப்புக்கு வானொலி நாடகம் எழுதினார். அதில் 1960இல் ஃபுகுவோகா வானொலியில் வந்த "பெரியவர் வேட்டை" பெரிய ரகளையைக் கிளப்பியது. குழந்தைகள் புரட்சி செய்து பெரியவர்களைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள் என்று உண்மையான செய்தி போலவே ஒலிபரப்பினார்கள். கேட்டவர்கள் கலங்கிப்போனார்கள், விவகாரம் போலீஸ் வரை போனது.

அதே ஆண்டு இவருடைய முதல் பெரிய மேடை நாடகத்தை ஷிகி நாடகக் குழு போட்டது. திரைப்பட இயக்குநர் ஷினோதா மசஹிரோவின் படத்துக்குத் திரைக்கதையும் எழுதினார். சொந்தக் குழு தொடங்க இன்னும் ஏழு வருடம் ஆனது.

கேள்வி: நான் நாடகத்துறை மாணவி. தென்ஜோ சாஜிகி குழுவைப் பற்றிப் பாடத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அவர்கள் மேடையில் என்னதான் செய்தார்கள்?

ஒரு வரியில் அடக்கியது அநியாயம் அம்மா. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

1967 ஜனவரி 1 அன்று தெராயாமா தொடங்கிய சொந்தக் குழு. ஓவியர் யோகோ தாதானோரி, இயக்குநர் ஹிகாஷி யுதாகா, தெராயாமாவின் மனைவியும் நடிகையுமான குஜோ எய்கோ ஆகியோர் கூட இருந்தார்கள். குஜோவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1970இல் விவாகரத்து ஆன பிறகும் குழுவின் நிர்வாகத்தை அவர்தான் கட்டிக் காத்தார். தெராயாமா கனவு கண்டதற்கெல்லாம் பணம் புரட்டியவர் அவர்.

தென்ஜோ சாஜிகி என்றால் கொட்டகையில் கூரையை ஒட்டிய, மிகவும் மலிவான இருக்கை. ஒரு பிரெஞ்சுப் படத்தின் ஜப்பானியத் தலைப்பிலிருந்து எடுத்த பெயர். ஆள் சேர்க்க இவர்கள் கொடுத்த விளம்பரத்தில் விசித்திர நடிகர்கள், குள்ளர்கள், ராட்சத உருவம் கொண்டவர்கள், அழகான பெண்கள் தேவை என்று இருந்தது. நாடகப் பள்ளியில் படித்துத் தேறியவர்கள் வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். வீட்டைவிட்டு ஓடு என்று இளைஞர்களுக்குப் புத்தகமே எழுதியவர் ஆயிற்றே, அதைப் படித்துவிட்டு ஓடிவந்து இவர் கதவைத் தட்டினார்கள்.

முதல் நாடகம் "அவோமோரியின் கூனன்". அதிலும் அதே ஆண்டு வந்த "ரோமக் கோட்டு மேரி"யிலும் மிவா அகிஹிரோ நடித்தார். அப்போது மாருயாமா என்ற பெயரில் இருந்தார். பெண் வேடத்தில் வந்து மேடையை ஆட்டிவைத்த பாடகர். மேரியாக அவர் நின்ற புகைப்படங்களைப் பார்த்தாலே அந்தக் காலத்து டோக்கியோ ஏன் கிறங்கியது என்று புரியும்.

இதுவரை கேட்டதெல்லாம் மேடையில் நடக்கிற விசித்திரம்தான், பார்வையாளர் பாட்டுக்கு உட்கார்ந்து பார்க்கலாம். அதற்கப்புறம்தான் இவர் பார்வையாளரிடம் வந்தார்.

1972இல் ஆம்ஸ்டர்டாமின் மிக்கெரி அரங்கில் "அபினி யுத்தம்". உள்ளே போனவர்கள் ஒரு புதிர்ப்பாதையில் மாட்டிக்கொள்வார்கள். எல்லாவற்றையும் பார்த்தவர் என்று ஒருவரும் இருக்க முடியாது. 1973இல் "குருடருக்குக் கடிதம்". இதை மட்டும் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு கற்பனை செய்து பார். அரங்கில் ஒளி புகும் இடுக்கையெல்லாம் அடைத்துவிடுகிறார்கள். உன் கையே உனக்குத் தெரியாத இருட்டு. எங்கோ நடிகர்கள் பேசுகிறார்கள், ஓடுகிறார்கள், ஏதோ விழுகிறது. உன் கையில் கொடுத்திருப்பது சில தீக்குச்சிகள். பார்க்க வேண்டும் என்றால் நீதான் உரச வேண்டும். உரசினால் சில நொடி ஒரு முகம், ஒரு கை. பிறகு விரல் சுடும், மறுபடி இருட்டு. எந்த நொடியைப் பார்ப்பது என்று முடிவு செய்வது நீ. பக்கத்தில் இருப்பவர் பார்த்த நாடகம் வேறு.

மேலே சொன்ன தாங்காவில் இருந்த அதே தீக்குச்சி. இளமையில் கவிதைக்குள் உரசியதைப் பல வருடம் கழித்துப் பார்வையாளரின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

1978இல் வந்த "வேலைக்காரர்களுக்கு அறிவுரை" இன்னொன்று. எஜமானன் இல்லாத வீட்டில் வேலைக்காரர்கள் முறை வைத்து எஜமானன் ஆகிறார்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் போய்ப் போட்டார்கள். இந்தக் காலத்தில் கூட எழுதிய கிஷி ரியோ என்ற பெண் நாடகாசிரியரின் பெயரைப் பாடப் புத்தகம் விட்டிருந்தால் நீ குறித்துக்கொள். இசை ஜே.ஏ. சீசர். ராக் கிதாரும் பௌத்த மந்திர உச்சாடனமும் சேர்ந்த மாதிரி ஒரு ஒலி. தெராயாமா போன பிறகும் அவர் தனிக்குழு வைத்து அந்த நாடகங்களை விடாமல் நடத்தினார்.

கேள்வி: ஊருக்குள் போய்க் கதவைத் தட்டிய நாடகம் என்று ஒன்று உண்டாமே?

அதன் பெயரே "தட்டு". 1975 ஏப்ரலில் டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் 30 மணி நேரம் நடந்தது. நாடகம் பார்க்க வருகிறவருக்கு இருக்கை கிடையாது, வரைபடம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக, பொதுக் குளியலறை வரை தேடிப் போக வேண்டும். இங்கே ஒரு காட்சி, அங்கே ஒரு காட்சி, ஒரே நேரத்தில்.

விவகாரம் என்னவென்றால், அந்தத் தெருக்களில் குடியிருந்தவர்கள் டிக்கெட் வாங்கவில்லை. உடம்பெல்லாம் வெள்ளைக் கட்டுப்போட்ட ஓர் ஆள் வாசலில் வந்து நிற்கிறான். வீட்டில் இருப்பவருக்கு அது நாடகம் என்று எப்படித் தெரியும்? போலீஸ் வந்தது, பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. கதவுக்கு உள்ளே ஒரு வாழ்க்கை, வெளியே ஒரு வாழ்க்கை என்று பூட்டி வைத்திருக்கிறோமே, அந்தக் கதவைத்தான் தட்டுகிறேன் என்பது இவர் கட்சி.

இந்த நாடகத்தைப் பற்றி என் மனம் பலமுறை மாறியிருக்கிறது. இளம் வயதில் இதுதான் நாடகத்தின் உச்சம் என்று நினைத்தேன். இப்போது அந்தக் கதவுக்குப் பின்னால் தனியாக இருந்திருக்கக்கூடிய ஒரு வயதான அம்மாவை நினைக்கிறேன். இருட்டறைக்குள் போனவர் தெரிந்து போனார், தீக்குச்சியைத் தானே வாங்கிக்கொண்டார். கதவைத் திறந்தவரிடம் யாரும் கேட்கவில்லை.

கேள்வி: நேரடியாகக் கேட்கிறேன். "தக்காளி கெட்சப் சக்கரவர்த்தி" படத்தில் குழந்தைகளை வைத்து எடுத்த காட்சிகளை எப்படி நியாயப்படுத்துகிறீர்கள்? நான் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

நியாயப்படுத்த மாட்டேன் அம்மா.

வானொலியில் வந்த "பெரியவர் வேட்டை"யின் கருவை எடுத்து 1970இல் படமாக்கி 1971இல் வெளியிட்டார். குழந்தைகள் ஆட்சியைப் பிடித்துப் பெரியவர்களை ஒடுக்குகிறார்கள். அதிகாரம் கைக்கு வந்தால் குழந்தையும் கொடுங்கோலன் ஆகும் என்ற கருத்து கனமானதுதான். ஆனால் அந்தப் படத்தில் சிறுவர்களையும் வயதுவந்த பெண்களையும் சேர்த்து எடுத்த காமக் காட்சிகள் இருக்கின்றன. கற்பனைப் பாத்திரம் எதையும் செய்யலாம். காமிராவுக்கு முன்னால் நின்றது கற்பனைப் பாத்திரம் இல்லை, நிஜப் பிள்ளை. சம்மதம் என்றால் என்னவென்று தெரியாத வயது. அந்தக் காலம் அப்படி, ஜப்பான் அப்படி என்று சிலர் சொல்வார்கள். எந்தக் காலத்திலும் பிள்ளை பிள்ளைதான்.

யாராவது தெராயாமாவை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் இந்தப் படத்தைச் சொல்லவே மாட்டேன். இதைப் பார்க்காததால் எதையும் இழக்கப் போவதில்லை.

கேள்வி: சரி, அப்போது எதிலிருந்து தொடங்கலாம்?

1974இல் வந்த "நாட்டுப்புறத்தில் சாவது". அடுத்த ஆண்டு பிரான்சின் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன படம். என் மனதில் இவருடைய ஆகச் சிறந்த வேலை இதுதான், நாடகங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

முகத்தில் வெள்ளை பூசிய ஒரு பையன், அம்மா, ஓசோரேசான் மலை. அவோமோரியில் உண்மையாகவே இருக்கிற மலை அது. கந்தகப் புகையும் வெறும் கல்லுமாக இருக்கும். பார்வையில்லாத பெண்கள் செத்தவர்களின் ஆவியை அழைத்துக் குறி சொல்லும் இடம். பையன் பக்கத்து வீட்டு மருமகளோடு ஊரைவிட்டு ஓட நினைக்கிறான். படம் பாதி ஓடியதும் சட்டென்று நிற்கிறது. இதுவரை பார்த்தது ஓர் இயக்குநர் தன் பால்யத்தைப் பற்றி எடுத்துக்கொண்டிருக்கும் படம், அழகுக்காகப் பொய் சொல்லியிருக்கிறார் என்று தெரிகிறது. பிறகு அந்த இயக்குநரே தன் சிறுவயதுக்குள் போகிறார், அம்மாவைக் கொன்றால் தான் மாறிவிடுவேனா என்று பார்க்க.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தும் பார்க்கலாம். அம்மாவும் மகனும் பழைய கிராமத்து வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். காமிரா அசையவே இல்லை. திடீரென்று வீட்டின் சுவர் பின்பக்கமாகச் சரிந்து விழுகிறது. பின்னால் இருப்பது டோக்கியோவின் ஷின்ஜுகு. கார்கள் போகின்றன, ஜனங்கள் போகிறார்கள், சிலர் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள். இவர்கள் இருவரும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவன் தன் சொந்த ஊர் முகவரி சொல்கிறான்: டோக்கியோ, ஷின்ஜுகு, ஓசோரேசான். எத்தனை ஊர் மாறினாலும் அந்த மலை கூடவே வந்துவிடுகிறது. எத்தனை முறை பார்த்தும் அந்தச் சுவர் விழும்போது எனக்கு வயிற்றில் ஏதோ செய்யும்.

இரண்டாவதாக 1971இல் வந்த "புத்தகங்களை எறி, தெருவுக்கு வா". தொடக்கத்தில் திரை இருட்டாகவே கிடக்கும். பிறகு நாயகன் வந்து நம்மைப் பார்த்துப் பேசுவான், இருட்டில் உட்கார்ந்திருந்தால் எதுவும் ஆரம்பிக்காது என்று. பழைய திரைக்குப் பின்னால் இருந்த பையன் முன்பக்கம் வந்து பேசுகிற மாதிரி இருக்கும். இரண்டும் ஏ.டி.ஜி. என்ற அமைப்பின் துணையோடு குறைந்த செலவில் எடுத்தவை.

கேள்வி: வணிகப் படமே எடுக்கவில்லையா?

1977இல் தோயே ஸ்டுடியோவுக்கு "குத்துச்சண்டைக்காரன்" எடுத்தார். சுகாவாரா பூன்தா நடித்தது. ரசித்துப் பார்க்கலாம். ஜெர்மன் நடிகர் க்ளாவுஸ் கின்ஸ்கியை வைத்து 1981இல் வந்த பிரெஞ்சுக் கூட்டுத் தயாரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நான் சொல்வது குறும்படங்களைப் பாருங்கள் என்று. "விசாரணை" என்று ஒன்று, 1975. படம் முழுக்க ஆட்கள் ஆணி அடித்துக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் திரை வெறும் வெள்ளையாகும். பார்வையாளர்கள் எழுந்து வந்து அந்தத் திரையிலேயே ஆணி அடிக்கலாம். சுத்தியலும் ஆணியும் தயாராக இருக்கும்.

கேள்வி: நான் அனிமே ரசிகன். மங்கா பாத்திரத்துக்கு இவர் சாவு எடுத்தாராமே, நம்ப முடியவில்லை.

நம்பலாம் தம்பி. "நாளைய ஜோ" என்ற குத்துச்சண்டை மங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், ரிகீஷி தோரு என்ற பாத்திரம், ஜோவின் எதிராளி, செத்துப்போனான். வாசகர்கள் தாங்கவில்லை. 1970 மார்ச் 24 அன்று டோக்கியோவில் கோதான்ஷா பதிப்பகத்திலேயே தெராயாமா முன்னின்று இறுதிச் சடங்கு நடத்தினார். உள்ளே குத்துச்சண்டை வளையம் கட்டி, படம் வைத்து, பௌத்தத் துறவி மந்திரம் ஓத, பத்து எண்ணி மணி அடித்தார்கள். எழுநூறு பேர் அளவுக்கு வந்தார்கள், நிறையப் பேர் பள்ளிப் பிள்ளைகள். அழுதார்கள்.

இதை விளம்பரம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இவர் செய்த நாடகங்களிலேயே யாருக்கும் தீங்கில்லாமல், வந்தவர் எல்லோரும் மனம் ஒப்பி நடித்தது இது ஒன்றுதான். அந்த அனிமேயின் தொடக்கப் பாட்டும் இவர் எழுதியதே. இன்னொரு தொடர்பு: 1997இல் வந்த "உதேனா" அனிமேயில் சண்டைக்கு முன்னால் வரும் சேர்ந்திசைப் பாட்டுகள் ஜே.ஏ. சீசருடையவை. தெராயாமாவின் மேடை எப்படி ஒலித்திருக்கும் என்று தெரிய வேண்டுமா, அதைக் கேள்.

கேள்வி: எத்தனை முறை கைதானார்?

பேசப்படுகிறவை இரண்டு. 1969 டிசம்பரில் இன்னொரு நாடக இயக்குநரான காரா ஜூரோவின் குழுவுக்கு இவர் சாவுக்கு வைக்கிற மலர்வளையம் அனுப்பினார். முன்பு அவர்கள் செய்த கேலிக்குப் பதில் அது. காராவின் ஆட்கள் ஷிபுயாவில் இருந்த தென்ஜோ சாஜிகி அரங்குக்கே வந்துவிட, கைகலப்பு. இரண்டு தலைவர்களையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது.

1980 ஜூலையில் நடந்தது வேறு மாதிரி. ஷிபுயாவில் ஒரு குடியிருப்பு வளாகத்துக்குள் அத்துமீறி நுழைந்தார் என்று கைதானார். அபராதம் கட்டினார். எட்டிப் பார்க்கத்தான் போனார் என்று பத்திரிகைகள் எழுதின. மற்றவர் வாசலுக்குள் கேட்காமல் போவதைக் கலை என்று முப்பது மணி நேரம் நடத்தியவர், ஐந்து வருடம் கழித்து அதே குற்றச்சாட்டில் நின்றார். நான் மதிக்கிற கலைஞர்தான், அதற்காக இதை மறைத்துப் பேச என்னால் முடியாது.

கேள்வி: இவர் இடதுசாரியா?

இல்லை. மாணவர் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில் பக்கத்திலேயே இருந்தார், எந்தக் கொடியையும் பிடிக்கவில்லை. கட்சியைவிடக் குடும்பத்தைத்தான் முதலில் உடைக்க வேண்டும் என்று நினைத்தவர்.

கேள்வி: கடைசிப் படம்?

"போய் வா பேழையே". கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸின் நாவலைத் தழுவி 1982இல் ஒகினாவாவில் எடுத்தார். தலைப்பையே மாற்ற வேண்டி வந்து, 1984இல் அவர் இறந்த பிறகுதான் திரைக்கு வந்தது. அடுத்த ஆண்டு கானுக்குப் போனது. ஊரில் உள்ள கடிகாரங்களையெல்லாம் புதைக்கிற காட்சியோடு தொடங்கும். நோயில் நாள் எண்ணிக்கொண்டிருந்தவர் எடுத்த காட்சி என்று நினைத்துக்கொண்டு பாருங்கள்.

கேள்வி: எல்லாப் படத்திலும் அம்மாவைக் கொல்கிறார், அம்மாவிடமிருந்து ஓடுகிறார். அந்த அம்மா இதையெல்லாம் எப்படித் தாங்கினார்? எனக்கு அவரைப் பற்றித்தான் தெரிய வேண்டும்.

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகவும் சந்தோஷம்.

செத்துப்போன அம்மாவின் சிவப்புச் சீப்பைப் புதைக்கப் போகிறேன், ஓசோரேசானில் காற்று மட்டும் வீசுகிறது என்று இவர் ஒரு தாங்கா எழுதினார். 1965இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. அப்போது அம்மா உயிரோடு இருந்தார். தன்னைக் கேட்காமல் மகன் தன்னைச் சாகடித்ததை ஊரே படித்துப் பாராட்டுவதைப் பார்த்தார். "சில நேரம் தாயில்லாப் பிள்ளை போல" என்று பாடகி கார்மென் மாகி பாடி 1969இல் நாடே முணுமுணுத்த பாட்டும் மகன் எழுதியதுதான். வானொலியில் அது ஒலித்த வீடுகளில் ஒன்று அந்தத் தாயுடையது.

மகனுக்குப் பிறகு எட்டு வருடம் வாழ்ந்து 1991இல் ஹாட்சு இறந்தார். மகனைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மகன் விட்டுப் போன பொருட்களைப் பத்திரமாக வைத்திருந்து மிசாவா ஊருக்குக் கொடுத்தார். அவற்றை வைத்து 1997இல் அங்கே நினைவு அருங்காட்சியகம் திறந்தார்கள். கட்டடத்தை வடிவமைத்தவர் பழைய தோழரான வடிவமைப்புக் கலைஞர் அவாசு கியோஷி. ஷிபுயா அரங்கின் முகப்பைச் செய்தவரும் அவரே.

வேலை நிமித்தம் ஜப்பானில் இருந்தபோது ஒரு முறை போயிருக்கிறேன். உள்ளே வெளிச்சம் குறைவு. வரிசையாகப் பழைய மேசைகள் கிடக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடுக்கிக் காட்டுகிற வழக்கம் அங்கே இல்லை. வருகிறவர் கைவிளக்கை எடுத்துக்கொண்டு, தானே மேசை இழுப்பறையைத் திறந்து உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். நான் முதல் இழுப்பறையின் பிடியில் கை வைத்தவன், பிறத்தியார் வீட்டு மேசை ஆயிற்றே என்று கொஞ்ச நேரம் தயங்கி நின்றேன். பக்கத்து மேசையில் ஒரு பாட்டி, என் அம்மா வயது இருக்கும், என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தன் கைவிளக்கை என் பக்கம் திருப்பினார். திறந்தேன்.